600 ரூபாயும் 78 மூட்டை நெல்லும்

தோழரே,

ஒரு காரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றுவதற்குரிய கட்டணம் எவ்வளவு? தஞ்சைக் கடைத்தெருவில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். அரை லட்சம் என்பார் ஒருவர், ஒரு லட்சம் என்பார் மற்றொருவர், "கம்பெனியில் மொத்தத் தொகை சொன்னார்கள், கட்டிவிட்டு வந்தேன், பிரித்துக் கேட்கவில்லை" என்பார் மூன்றாமவர். உண்மையான விடை எது தெரியுமா? 600 ரூபாய்! சொந்த உபயோகத்துக்கான இலகுரக வண்டிக்கு, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஆம் விதி குறித்திருக்கும் பதிவுக் கட்டணம் அவ்வளவுதான். பதிவுச் சான்று அட்டைக்கு 200 ரூபாய். ஆக 800 ரூபாயோடு பதிவு என்ற காரியம் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த அரை லட்சமும் ஒரு லட்சமும் எங்கிருந்து வந்தன? எவர் கைக்குப் போயின? எந்த நியாயத்தின் பேரில் போயின? இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் விசாரிக்க வேண்டிய வழக்கு இதுதான்.

"உழைப்பாளி மக்களின் ஏட்டில் கார்க்கணக்குக்கு என்ன வேலை?" என்று நீங்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம். காவிரிப் படுகையில் கார் என்பது ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் வெந்து மடிந்தன. குழந்தைகளும் பெண்களும் முதியவர்களுமாய்க் கருகிய அந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 1973இல் மிராசுதார்கள் விடுதலை செய்யப்பட்டார்கள். தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் பெருநிலம் படைத்த செல்வர்களாம். முதல் எதிரி கார்கூட வைத்திருப்பவராம். இத்தகையோர் ஆட்களை ஏவாமல் தாங்களே நேரிற் சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினமாம்! கார் வைத்திருப்பது ஒருவரின் நன்னடத்தைக்குச் சாட்சியாக நின்ற காலம் அது. காரின் சக்கரத்தடத்துக்கு வரப்போரம் ஒதுங்கி நின்றவன் பண்ணையாள்.

அந்தக் காலம் முற்றாக மறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படுகையின் சாலைகள் மாறிவிட்டன. இன்று பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் கார் வாங்குகிறவர்கள் யாவர்? வளைகுடா நாட்டில் வெயிலில் வெந்து காசு சேர்த்துத் திரும்பியவர் வாங்குகிறார். பள்ளி ஆசிரியர் வாங்குகிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயாரை வாரம் இருமுறை தஞ்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய சிறு விவசாயி வாங்குகிறார். அதற்கும் கீழே, கட்டட வேலைக்கும் நடவு வேலைக்கும் இருபது மைல் போய்த் திரும்பும் தொழிலாளிக்கு இருசக்கர வண்டி ஆடம்பரம் அன்று; அரிவாளும் மண்வெட்டியும் போல அதுவும் ஒரு கருவி. பஸ் நின்றுபோன ஊர்களில் அதுவே கால்.

ஆகவே கணக்கைத் திறப்போம். ரூபாய்க் கணக்கு கண்ணை மறைக்கும். நமக்குத் தெரிந்த அளவையால் அளப்போம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய். கூட்டினால் 2,500. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாம் கட்டும் மூட்டை 40 கிலோ. ஆக, ஒரு மூட்டை நெல் என்பது சரியாக 1,000 ரூபாய். இந்த மரக்காலை வைத்துக்கொண்டு கார்க் கம்பெனியின் ரசீதை அளந்து பாருங்கள்.

ஆயுள் வரிக்காக எடுத்துக்கொள்ளப்படும் விலை 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம் 600: அதாவது 24 கிலோ நெல். சான்று அட்டை 200: 8 கிலோ நெல். கடன் வாங்கி வண்டி எடுத்தால், அந்தக் கடனைச் சான்றில் குறிப்பதற்கு 1,500: ஒன்றரை மூட்டை. இப்போது வருகிறது பெரிய இனம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வீதங்களின்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 6 லட்சத்துக்கு 78,000 ரூபாய். 78 மூட்டை! ஏக்கருக்கு 60 மூட்டை கண்ட நல்ல மகசூலாக இருந்தாலும், ஓர் ஏக்கரை முழுதும் அறுத்துப் போட்டு, பக்கத்து வயலில் கால் ஏக்கருக்கு மேலும் அறுத்தாக வேண்டும். அப்போதுதான் வரி தீரும். விதைக்கும் உரத்துக்கும் ஆட்கூலிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் கொடுத்தது போக மிச்சத்தில் கட்டுவதென்றால், எத்தனை ஏக்கர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒன்று தனியே உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். உச்சநீதிமன்ற ஆணைக்கிணங்க 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 ஆண்டுக்கும், புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டுக்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட வீதத்தின்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 3 ஆண்டுப் பிரீமியம் 10,640 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. இந்தக் காப்பீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். சாலையில் அடிபட்டுச் செத்த ஏழையின் குடும்பத்துக்கு நட்ட ஈடு கிடைக்க அது ஒன்றே வழி. ஆனால் அதோடு சேர்த்துத் தள்ளப்படும் மற்றக் காப்பீடுகள் பலவும் கட்டாயம் அல்ல. "கையாளும் செலவு" என்றும் "துணைப் பொருள் தொகுப்பு" என்றும் எழுதப்படும் வரிகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்த இடத்தில்தான் வாங்குகிறவனின் அறியாமை வியாபாரமாகிறது.

வண்டியின் விலைக்குள்ளேயே பதுங்கியிருக்கும் ஜி.எஸ்.டி.யை மறந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும் அது 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது; பெரிய கார்களுக்கு 40 சதவீதம்; டிராக்டருக்கு 12இலிருந்து 5. இறங்கியது நல்லதே, வரவேற்போம். ஆனால் களைபறிக்கப் போகும் பெண்ணை ஏற்றிச் செல்லும் மொபெட்டும், குளிர்சாதனம் பொருத்திய சிறு காரும் ஒரே 18 சதவீதத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இப்போது நியாயத்தின் கதைக்கு வருவோம்.

2023க்கு முன் தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 8 சதவீதம். காருக்கு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். திருத்தத்துக்குப் பின், ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10. ஒரு லட்சத்துக்கு மேல் 12. காருக்கு 5 லட்சம் வரை 12. 10 லட்சம் வரை 13. 20 லட்சம் வரை 18. அதற்கு மேல் 20. மேலோட்டமாகப் பார்த்தால் பணக்காரனிடம் அதிகம் வாங்குவது போலத்தான் தோன்றும். ஏற்றத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், தோழரே! 1,05,000 ரூபாய் பெறும் மோட்டார் சைக்கிளுக்கு முன்பு 8,400 ரூபாய் வரி, பின்பு 12,600. ஏற்றம் 50 சதவீதம்! 30 லட்சம் பெறும் காருக்கு முன்பு நாலரை லட்சம். பின்பு 6 லட்சம். ஏற்றம் மூன்றில் ஒரு பங்கு. 15 லட்சம் பெறும் காருக்கு ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. தோளில் மூட்டை சுமந்தவன்மீது அதிக விகிதம் ஏறியிருக்கிறது. மெத்தை இருக்கையில் அமர்ந்தவன்மீது குறைந்த விகிதம் ஏறியிருக்கிறது. அது மட்டுமா? ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபாய் மிகுந்த மோட்டார் சைக்கிளும், 5 லட்ச ரூபாய்க் காரும் அதே 12 சதவீதத்தில் தோளோடு தோள் நிற்கின்றன. இதற்குப் பெயர் சமத்துவமா?

கூலிக்காரன் பக்கம் நின்று பாருங்கள். 95,000 ரூபாய் வண்டி. வரி 9,500, பதிவு 300, அட்டை 200, கடன் குறிப்பு 500. கூட்டினால் 10,500 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336. ஆக, 31 நாள் உழைப்பு அப்படியே போய்விடுகிறது; 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 3,851 ரூபாயையும் சேர்த்தால் மேலும் 11 நாள். ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே நாற்பத்திரண்டு நாள் வியர்வை!

கடன் குறிப்புக் கட்டணத்தை மறுபடியும் பாருங்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்தச் செலவு இல்லை. கடன்பட்டவன்தான் கட்டவேண்டும். காருக்குப் பதிவுக் கட்டணம் 600. கடன்பட்டதற்குக் கட்டணம் 1,500! பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு இத்தனையா? வட்டி கட்டுகிறவனிடம் வட்டி கட்டுவதற்கே ஒரு கட்டணம் வாங்குவது எந்த நீதிநூலில் இருக்கிறது?

படி வைத்த முறையிலும் ஒரு கோளாறு உண்டு. வீதம் முழு விலைக்கும் பாய்கிறது. எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் அன்று. 9,90,000 ரூபாய்க் காருக்கு 13 சதவீதப்படி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 18 சதவீதப்படி 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது! வருமான வரியில் இப்படிச் செய்வதில்லை. எல்லைக்கு மேற்பட்ட தொகைக்குத்தான் மேல்வீதம். வண்டி வரியில் மட்டும் ஏன் இந்தப் பள்ளம்?

மறுபுறம் பாருங்கள். மின்சார வண்டிகளுக்குத் தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 31 வரை முழு வரி விலக்கு வழங்கப்பட்டது. காற்றைக் காக்கும் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அந்த விலக்குக்கு விலை வரம்பு இல்லை. அரைக்கோடி ரூபாய் மின்சாரக் காருக்கும் வரி பூஜ்யம். அதே நாட்களில் கூலிக்காரனின் பெட்ரோல் வண்டிக்கு 10 சதவீதம். காற்று எல்லோருக்கும் பொது. சலுகை மட்டும் காசுள்ளவனுக்கா?

"வரியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று எதிர்க்கட்சி நண்பர் கேட்பார். இல்லை. வரி இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ரேஷன் அரிசி இல்லை. மாநில அரசுக்கு இருக்கும் வரிவழிகள் மிகச் சில என்பதும் நமக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம் வண்டி வரியை மாநிலத்துக்குக் கொடுத்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரியின் பெரும்பகுதியை விழுங்கிய பின், மாநிலத்தின் கையில் சுயமாக ஏற்றி இறக்க மிஞ்சியவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வண்டி போன்ற சிலவே. மேல்மடையை டெல்லி அடைத்தால் கீழ்மடையில் இருப்பவன் குளத்துத் தண்ணீருக்குத்தான் போவான். கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே மாநிலத்தின் வரி உரிமையைக் காப்பது நம் கொள்கை. ஆனால் உரிமையைக் காப்பது வேறு. அந்த உரிமையை எவன் முதுகின்மேல் செலுத்துவது என்பது வேறு. எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்திருந்தாலும் இந்தக் கேள்வியை நாம் கேட்டே தீருவோம்.

வரலாற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். 1931இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது, அதுவரை உள்ளாட்சி மன்றங்கள் சாலைகளில் வாங்கிவந்த சுங்கம் ஒழிக்கப்பட்டது; அந்த மன்றங்களுக்கு வரியிலிருந்து ஈட்டுத்தொகை தருவதாக ஏற்பாடு. ஒரே இடத்தில் வரி கட்டு, வழியில் எவனும் மறிக்க மாட்டான் என்பது அன்றைய பேச்சு. இன்று? 78 மூட்டையைக் கொட்டிவிட்டுப் புறப்பட்டு, தஞ்சையிலிருந்து திருச்சி போகும் வழியில் வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடியில் மீண்டும் கட்டுகிறோம். ஒழிந்தது என்று சொன்ன சுங்கம் ஃபாஸ்டேக் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வரியோ போகவே இல்லை.

இந்தச் சுமையிலிருந்து நழுவும் வித்தை தெரிந்தவர்களும் உண்டு. அவர்களின் வாசல் நம் படுகைக்குள்ளேயே இருக்கிறது. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தால் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். இன்று புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அதே காவிரித் தண்ணீர், அதே நெல், அதே தமிழ்; வண்டியின் எண் மட்டும் டி.என். 51க்குப் பதில் பி.ஒய். 02. புதுச்சேரியில் கார் வரி குறைவாக இருந்துவந்ததால், அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்த உயர்விலைக் கார்கள் தமிழகத்திலும் கேரளத்திலும் ஓடியது பலமுறை செய்தியாயிற்று. 2017இல் கேரளத்தில் விசாரணையே நடந்தது. சட்டம் சொல்வது தெளிவு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47ஆம் பிரிவின்படி அம்மாநில எண் வாங்கவேண்டும். காரைக்கால் தோழர் காரைக்காலில் பதிவது அவர் உரிமை. ஆனால் முகவரியை வாடகைக்குப் பிடித்து வரியை விழுங்குகிறவன் யார்? லட்சக்கணக்கில் வரி மிஞ்சும் காரை வைத்திருப்பவன்தான். மொபெட் வைத்திருக்கும் திருக்குவளைத் தொழிலாளிக்கு வாஞ்சூரில் முகவரி வாங்கித் தருகிறவர் எவர்?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒன்று: உழைப்பாளியின் இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரியைப் பழைய 8 சதவீதத்துக்கேனும் இறக்குக, ஒரு லட்சம் என்ற எல்லையை, விலைவாசி ஏறும்போது உயர்த்துக. இரண்டு: மேல்வீதத்தை எல்லைக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் விதித்து, உயர்விலைக் கார்களின் வீதத்தைக் கூட்டி, இழப்பை அங்கே ஈடுசெய்க. மூன்று: மின்சார வண்டிச் சலுகைக்கு விலை வரம்பு வைக்க. நான்கு: கடன் குறிப்புக் கட்டணத்தை மத்திய அரசு நீக்குக. ஐந்து: ஒவ்வொரு வண்டிக் கடையிலும், ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், எது கட்டணம், எது வரி, எது கட்டாயக் காப்பீடு, எது கடைக்காரர் கேட்பது என்று தமிழில் பலகை வைக்க.

பலகை வரும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கிளைத்தோழர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எவர் வண்டி வாங்கப் போனாலும் கூடவே போங்கள். மொத்தத் தொகையை ஏற்காதீர்கள்; இனவாரியாக எழுதிக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புது வண்டியின் பதிவுக்கு விண்ணப்பிப்பது அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் கடமை; அதைச் செய்வதற்குத் தனிக்கூலி கேட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச்சொல்லுங்கள். கட்டாயக் காப்பீடு எது, விரும்பினால் எடுப்பது எது என்று பிரித்துக் கேளுங்கள். வரிக்கு அரசு ரசீது வாங்குங்கள். கடன் தீர்ந்த அன்றே வங்கியிடம் 35ஆம் படிவத்தில் கையெழுத்து வாங்கி, சான்றிலிருந்து கடன் குறிப்பை நீக்கச் செய்யுங்கள். இதைச் செய்யாததால், தீர்ந்த கடன் விற்கும்போது மீண்டும் எழுந்து நிற்கிறது.

கொள்முதல் நிலையத்தில் தராசு முள்ளை நம் விவசாயி எப்படி உற்றுப் பார்க்கிறார்! சாக்கின் எடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், ஈரப்பதம் எவ்வளவு சொல்கிறார்கள் என்று எப்படி வாதாடுகிறார்! அந்தக் கண்ணும் அந்த வாதமும் கண்ணாடி போட்ட கடைக்குள் நுழைந்ததும் ஏன் தாழ்ந்துவிட வேண்டும்? அங்கே கொடுப்பதும் அதே நெல்தானே?

கார் வைத்திருந்தவன் சொல் எடுபட்டு, குடிசையில் இருந்தவன் சொல் எடுபடாமற் போன மண் இது. அந்த மண்ணில் இன்று குடிசை மகனும் வண்டிச் சாவியைக் கையில் வாங்குகிறான். வாங்கட்டும். ஆனால் தலை நிமிர்ந்து, கணக்குக் கேட்டு, ரசீதைப் படித்து வாங்கட்டும். பண்ணையாரிடம் கணக்குக் கேட்கத் துணிந்த நாள்தான் நம் இயக்கம் இந்தப் படுகையில் பிறந்த நாள். கேட்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், தோழரே!